கதவைத் தட்டியது யார்?

அத்தைக்குப் பார்வை மங்கியதிலிருந்து வாரம் ஒரு சிறுகதையைப் படித்துப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவருகிறேன். முதல் கதை போய்ச் சேர்ந்த அன்று மாலையே போன் வந்தது.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ படிக்கறப்போ யாருடா கதவைத் தட்டிக்கிட்டே இருந்தது? எழுந்து போய்த் திறந்திருக்கலாம்ல?”

யாரும் தட்டவில்லை. பதிவை என் போனிலேயே ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. “உங்க இயர்போன்ல ஏதோ கோளாறு அத்தை” என்றேன். “கண்ணுதாண்டா போச்சு, காது நல்லாத்தான் இருக்கு” என்று வைத்துவிட்டார். கொஞ்சம் ரோஷத்தோடு நானும் ஓர் இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டேன். டொம். இரண்டு வரி கழித்து இன்னொரு டொம். “பக்கத்து வீட்டுப் பரமசிவம்” என்ற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு டொம். அத்தை சொன்னது சரி. மரக்கதவை யாரோ முஷ்டியால் இடிக்கும் ஓசை.

வீட்டில் உட்கார்ந்து பாட்டு, பாடம், கதை என்று எதையாவது பதிவுசெய்து பார்த்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை விழித்திருப்பார்கள். படிக்கும்போது நம் காதுக்குக் கேட்காத தட்டல் பதிவில் எப்படி வந்தது? வந்ததுதான் வந்தது, போன் ஸ்பீக்கரில் ஒளிந்துகொண்டு இயர்போனில் மட்டும் ஏன் தலைகாட்டுகிறது?

இடி போகும், ஆள் போவதில்லை

ஒருவர் ‘ஆ’ என்று நீட்டிச் சொல்கிறார். அவர் வாயிலிருந்து கிளம்பிய காற்று நம் காதுக்குள் வந்து நுழைவதில்லை. வாயருகே இருக்கும் காற்று நடுங்குகிறது, அது பக்கத்துக் காற்றை நடுங்கவைக்கிறது, அந்த நடுக்கம் கைமாறிக் கைமாறி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வந்து சேர்கிறது. ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் முன்னால் இருப்பவரை இடித்தால், இடி கவுண்டர்வரை போய்விடும். இடித்தவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

அந்த நடுக்கம் எவ்வளவு சின்னது என்பதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். அருகில் உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது நம் காதருகே காற்று முன்னும் பின்னும் அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் பருமனில் சில நூறில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அசைவைக் கொண்டுதான் நாம் சண்டை போடுகிறோம், சமாதானம் பேசுகிறோம்.

மூச்சின் கதை வேறு. மூச்சுக் காற்று உண்மையிலேயே இடம்விட்டு இடம் நகர்கிறது. உதடுகளைச் சேர்த்து வைத்து ‘ப’ சொல்லத் தயாராகும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று வாய்க்குள் அடைபட்டு நெருக்குகிறது. அந்த நெருக்கம் எவ்வளவு என்று வீட்டிலேயே உணரலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் குமிழி வரும்படி ஊதுங்கள். கன்னத்தில் படும் அந்த அழுத்தம்தான். பெரிதாகத் தோன்றாது. ஆனால் நம் பேச்சு ஒரு முழத் தொலைவில் காற்றில் உண்டாக்கும் அழுத்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

உதடு திறந்ததும் அடைபட்ட காற்று ஒரு சிறு உருண்டையாக வெளியே பாய்கிறது. இதற்கு இந்த அத்தியாயத்தில் ‘மூச்சுத்தட்டு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில், 2020இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஸ்டோனும் பிரான்சின் மோன்பெலியேவைச் சேர்ந்த மனூக் அப்காரியனும், பேசும் ஒருவரின் வாய்க்கு முன்னால் புகையைப் பரப்பி லேசர் ஒளி பாய்ச்சி இந்த உருண்டைகளைப் படம்பிடித்தார்கள். ‘ப’ ஒலி அடிக்கடி வரும் வாக்கியத்தைச் சொல்லும்போது உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தாரையாகி, ஒரு மீட்டருக்கு அப்பாலும் போயின. அவர்களுடைய கவலை கிருமி எவ்வளவு தூரம் போகும் என்பது. நம் கவலை மைக்.

எனக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மூச்சுத்தட்டு நேர்முன்னால் போகிறது, என் காதுகள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்து கதை கேட்பவருக்கோ, அவர் காதை எட்டும் முன்பே அது சோர்ந்து கலைந்துவிடும். வாய்க்கு நேர் எதிரே நான்கு விரற்கடையில் தன் காதைக் கொண்டுவந்து வைப்பவர் யாரும் இல்லை. மைக்கை மட்டும்தான் நாம் அப்படி வைக்கிறோம்.

பம்பரம்

மின்சாரம் போன ஓர் இரவில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்தியை வாய்க்கு எதிரே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வையுங்கள். ‘ஆ’ என்று வீடு அதிரக் கத்துங்கள். சுடர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ‘அம்மா’ என்று சொல்லுங்கள். அதற்கும் பெரிதாக அசையாது. ‘அப்பா’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சுடர் படுத்து எழும்.

ம, ப இரண்டுமே உதடுகள் சேர்வதால் பிறப்பவை. தொல்காப்பியத்தின் பிறப்பியலிலும் இவ்விரண்டும் ஒன்றாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் ‘ம’ சொல்லும்போது மூக்கு திறந்திருக்கிறது. காற்று அந்த வழியாகக் கசிந்துவிடுவதால் வாய்க்குள் அழுத்தம் சேர வாய்ப்பே இல்லை. ஒன்றை மெல்லினத்திலும் மற்றதை வல்லினத்திலும் வைத்த நம் இலக்கணக்காரர்களுக்கு மெழுகுவர்த்தி ஒத்துப் பாடுகிறது.

இப்போது ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு ப. முதல் ‘ப’வுக்குச் சுடர் குனிகிறது. இரண்டாவதற்கு அநேகமாகச் சும்மா இருக்கிறது. எழுத்து ஒன்றுதான் என்றாலும் வாய் செய்யும் வேலை ஒன்றல்ல. ‘ம்’முக்குப் பின் வரும் ‘ப’வை நாம் குரல்வளை அதிரும்படி மென்மையாக்கிச் சொல்கிறோம். உதடு மூடியிருக்கும் நேரமும் குறைவு, உள்ளே சேரும் அழுத்தமும் குறைவு. தம்பி, கம்பி எல்லாம் இந்த வகை. ஆபத்தானவை சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’வும், ‘ப்ப’ என்று இரட்டித்து வருவதும்தான். என் பதிவில் தட்டிய இடங்களைக் குறித்துவைத்துப் பார்த்தேன். பக்கத்து, பரமசிவம், அப்புறம், உப்பு. ‘தம்பி’ ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’ ஒரு தனி மூச்சுச் சீறலோடு வெளிப்படும். ‘பேப்பர்’ என்பதை நம் வழக்கப்படி ஒருமுறையும் ஆங்கிலச் செய்தி வாசிப்பவரைப் போல ஒருமுறையும் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொன்னால் வித்தியாசம் கையில் தெரியும்.

கணினித் திரையில் ‘பக்கத்து’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு. உதடு திறக்கும் சின்ன ஒலி முதலில் தெரிகிறது. அகரத்தின் நெருக்கமான அலைகள் கிளம்புகின்றன. அதற்கும் சற்றுப் பிறகுதான் அந்த அலைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு பெரிய மேடு ஒன்று எழுந்து விழுகிறது. ஒலிக்குப் பத்து சென்டிமீட்டர் கடக்க ஓராயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு வினாடிகூட ஆகாது. மூச்சுக்கு அதே தூரம் கடக்க அதைப் போலப் பல பத்து மடங்கு நேரம் பிடிக்கிறது. எழுத்து முன்னால் வந்துவிட, தட்டு பின்னால் வந்து சேர்கிறது.

மேடு ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் நீளம். அதனால் அது மிகத் தாழ்ந்த ஒலியாகப் பதிவாகிறது. பெரும்பகுதி வினாடிக்கு நூறு, நூற்றைம்பது அதிர்வுகளுக்குக் கீழே. போனின் பொடி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இயர்போனால் முடியும். நான் கேட்டபோது இல்லாத தட்டல் அத்தைக்கு இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான். அந்தக் காலத்துத் தொலைபேசியில் வாயை ரிசீவரோடு ஒட்டிவைத்துப் பேசியும் யாருக்கும் தட்டல் கேட்காததற்கும் இதுவே காரணம். 300க்குக் கீழான அதிர்வுகளைத் தொலைபேசி அனுப்பியதே இல்லை.

சவ்வு கேள்வி கேட்பதில்லை

மைக்கின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. முன்னால் அழுத்தம் கூடினால் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும், அந்த அசைவு மின்சாரமாகும். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிரந்தர மின்னூட்டம் கொண்ட சவ்வை வைத்து ஒரு மலிவான மைக்கை உருவாக்கினார்கள். சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் மைக்குகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். எந்த வகையானாலும் சவ்வுக்கு ஒலி எது, ஊதல் எது என்று தெரியாது. தலைமுடியில் சில நூறில் ஒரு பங்கு அசைவை அளக்கப் பிறந்த பொருளின் மேல் நாம் ஊதிவிடுகிறோம். அது தன்னால் முடிந்தவரை உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

காசு அதிகம் கொடுத்து வாங்கிய மைக் அதிகம் தட்டுகிறதே என்று புலம்புபவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. முன்னால் வரும் ஒலியை மட்டும் வாங்கும் ஒருதிசை மைக்குகளுக்குப் பின்புறமும் ஒரு திறப்பு உண்டு. முன் அழுத்தத்துக்கும் பின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அவை அளக்கின்றன. மிக அருகிலிருந்து வரும் தாழ்ந்த ஒலிகளும் ஊதல்களும் இந்த அமைப்பில் ஊதிப் பெருத்துவிடும். எல்லாத் திசையிலும் கேட்கும் எளிய காலர் மைக் இந்த விஷயத்தில் சாது. போதாக்குறைக்கு அது தாடைக்குக் கீழே, மூச்சின் பாதையை விட்டு விலகி உட்கார்ந்திருக்கிறது.

துப்பட்டா

முதலில் நான் செய்தது மைக்கின் மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டைச் சுற்றியது. தட்டல் குறைந்தது. கூடவே என் குரல் மெத்தைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. தடித்த துணி மூச்சோடு சேர்த்து ச, ஸ, ஷ முதலிய உயர்ந்த ஒலிகளையும் விழுங்கிவிடும்.

வேண்டியது காற்று நகர்வதற்குத் தடையாகவும் நடுக்கம் கடப்பதற்கு வழியாகவும் இருக்கும் ஒரு வலை. கடைகளில் பாப் ஃபில்டர் என்று விற்பது அதுதான், வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை. நான் எம்பிராய்டரி வளையத்தில் ஒரு பழைய மெல்லிய நைலான் துப்பட்டாவை இரட்டையாகப் பூட்டி மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்தினேன். உருண்டையாக வரும் காற்று வலையின் நூற்றுக்கணக்கான கண்களில் சிதறி, சின்னச் சின்னச் சுழல்களாக உடைந்து, மைக்கை அடைவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. ஒலிக்கு அந்த வலை இருப்பதே தெரியாது. துணியை மைக்கின் மேலேயே ஒட்டிவைத்தால் பாதிப் பலன்தான். உடைந்த காற்று ஓய்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

என்னைக் கேட்டால் வலையையும்விடப் பெரிய மருந்து கோணம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி, வாயை நோக்கித் திருப்பி வைத்தால் போதும். ஒலி எல்லாப் பக்கமும் பரவுவதால் குரல் அப்படியே கிடைக்கும். மூச்சு நேர்கோட்டில் மைக்கைக் கடந்து போய்விடும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. அதனாலோ என்னவோ பலரும் கடைசியில்தான் முயல்கிறார்கள்.

மென்பொருளில் 80 அதிர்வுகளுக்குக் கீழே வெட்டிவிடும் வசதியும் உண்டு. ஆண் குரலின் அடிச்சுருதிகூடப் பெரும்பாலும் 85க்கு மேலே இருப்பதால் குரலுக்குச் சேதம் வராது. ஆனால் சவ்வோ அதன் பின்னால் இருக்கும் மின்சுற்றோ எல்லையில் முட்டி நின்றிருந்தால், அந்த நொடியில் குரலே பதிவாகியிருக்காது. பதிவாகாத குரலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

நாலரை நிமிடத்துக்கு ஒரு டிக்

ஆறாவது கதைக்குக் கணினியில் செருகும் யூ.எஸ்.பி. மைக் ஒன்று வாங்கினேன். டொம் போயே போய்விட்டது. டிக் வந்தது. காய்ந்த சுள்ளியை ஒடிப்பதுபோன்ற ஓசை. ‘ப’வோடு அதற்கு எந்த உறவும் இல்லை, நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்திலும் வந்தது. கடிகாரத்தை வைத்துக் குறித்தேன். ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒன்று. இடையே இணைய உலாவியைத் திறந்த நேரத்தில் மட்டும் ஒரு கொத்தாக நாலைந்து.

ஓசை என்ன என்பதைவிட எப்போது வருகிறது என்பதைக் கேட்பதுதான் இங்கே துப்பு. எழுத்தோடு வந்தால் மூச்சு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஈரமாக வந்தால் நாக்கும் உதடும். வாய் உலர்ந்திருக்கிறது, பால் காபியைத் தள்ளிப்போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். நேரம் தவறாமல் வந்தால் இயந்திரம்.

கணினி குரலைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. மைக் அளந்த எண்கள் நேராக வட்டுக்குப் போவதும் இல்லை, ஒரு சிறு தற்காலிகக் கிடங்கில் விழுகின்றன. அதை ‘இடைத்தொட்டி’ என்போம். குழாயடியில் அண்டா வைத்திருப்பதுபோல. தண்ணீர் நிற்காமல் கொட்டுகிறது, கணினி அவ்வப்போது வந்து குடத்தில் மொண்டுபோகிறது. 256 எண்கள் கொள்ளும் தொட்டி ஆயிரத்தில் ஐந்து வினாடி சொச்சத்தில் நிரம்பிவிடும். அதற்குள் கணினி திரும்பி வர வேண்டும். உலாவியைத் திறக்கும் வேலையில் அது மூழ்கிவிட்டால் அண்டா வழிகிறது. வழிந்த எண்கள் போனது போனதுதான். அலை ஓரிடத்தில் அறுந்து, வேறோர் உயரத்தில் சட்டென்று தொடங்குகிறது. இருட்டில் ஒரு படி குறைவது தெரியாமல் இறங்கிய கால்போல் காது அதிர்கிறது. திரையில் பெரிதாக்கினால் மூச்சுத்தட்டின் மேடு இல்லை, செங்குத்தான ஒரு சுவர் நிற்கிறது. தொட்டியை 1,024 ஆக்கி, மற்ற நிரல்களை மூடியதும் கொத்து டிக்குகள் நின்றன.

நாலரை நிமிட டிக் மட்டும் நிற்கவில்லை, இன்னும் நீண்ட இடைவெளிக்கு விலகியது. அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. மைக்குக்குள் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. நான் என் குரலைக் கேட்க இயர்போனைச் செருகியிருந்த கணினியின் ஒலிப்பகுதிக்கு வேறொரு கடிகாரம். இரண்டும் வினாடிக்கு 48,000 என்றுதான் சொல்கின்றன. ஆனால் கூடத்துக் கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் ஒன்றுபோல் ஓடும் வீடு எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் வினாடி வேறுபாடு என்று வையுங்கள். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஓர் எண் வீதம் ஒன்று முந்திக்கொண்டே போகிறது. 256 எண்களின் இடைவெளி தீர 256 வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதாவது ஏறத்தாழ நாலரை நிமிடம். இயர்போனைக் கணினியிலிருந்து உருவி மைக்கின் அடியிலேயே இருந்த துளையில் செருகினேன். கேட்பதற்கும் பதிவதற்கும் ஒரே கடிகாரம். டிக் அன்றோடு சரி.

வெட்டிய இடத்தில்

பழைய ஐந்து கதைகளையும் மறுபடி படிக்கச் சோம்பல். டொம் கேட்ட இடங்களைத் திரையில் கத்தரித்தே எடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். முடித்துவிட்டுக் கேட்டால் டொம் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு டிக். அலை மேலே நிற்கும்போது வெட்டி, கீழே நிற்கும் இன்னொரு துண்டோடு ஒட்டியிருக்கிறேன். என் கையாலேயே சுவர் எழுப்பியாயிற்று. அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும். அல்லது முதல் துண்டு தேய்ந்து மறையும்போதே இரண்டாவது துண்டு எழுந்து வரும்படி, ஆயிரத்தில் பத்து வினாடிக்கு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். அப்படிச் செய்தபோது ஒட்டு தெரியவில்லை. ஆனால் சில சொற்கள் தலையை இழந்து ‘ரமசிவம்’ என்று ஆகிவிட்டன. கடைசியில் ஐந்தையும் திரும்பப் படித்தேன், வாயோரத்தில் மைக்கை வைத்து, துப்பட்டாவை நடுவில் நிறுத்தி.

அனுப்பிய மறுநாள் அத்தை கூப்பிட்டார்.

“இப்ப யாரும் தட்டல. மூணாவது கதையில மட்டும் ஒரு டக்குன்னு வருது, பின்னாடியே ஒரு உறுமல். உன் வீட்டு ஃபிரிட்ஜ்தானே அது? நான் அங்க இருந்தப்பவே அப்படித்தான் கிளம்பும். இன்னுமா மாத்தல?”